சித்தப்பா மேல் தப்பில்லை

வீட்டில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் சாமான் எதையாவது எடுத்து, திருகாணி போடும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மிக்ஸியின் அடிப்பாகம், டேபிள் ஃபேனின் பின்மூடி, பிள்ளைகள் உடைத்துப் போட்ட ரிமோட் கார் என்று எதுவாக இருந்தாலும் சரி. திருகாணி இறங்குவதற்காகச் சின்னக் குழாய் மாதிரி ஒன்று உள்ளே எழும்பி நிற்கும். அது எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேலிருந்து கீழாக, கத்தியால் கீறியதுபோல ஒரே நேர்க்கோட்டில் பிளந்திருக்கும். "மட்டமான பிளாஸ்டிக்" என்று திட்டிவிட்டு ஃபெவிக்விக்கைத் தேடுவோம்.

பிளாஸ்டிக் மட்டமாகவே இருந்திருக்கலாம். ஆனால், வட்டமான ஒரு குழாய் சுற்றளவில் வேறெங்கும் விடாமல் அந்த ஒரு கோட்டில் மட்டும் ஏன் விட்டது? அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் தொழிலில் 'வெல்ட் லைன்' என்போம். பற்ற வைத்த இடம் என்பதுபோல் பெயர் இருந்தாலும், பற்ற வேண்டிய அளவுக்குப் பற்றாமல் போன இடம் அது.

அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் அச்சுகளை வடிவமைக்கும் வேலையில் 22 வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கோட்டோடு சண்டை போடாத மாதமே கிடையாது. அது என் சித்தப்பாவைக் கட்டிலில் தள்ளிய பிறகுதான், தொழிற்சாலைக்கு வெளியேயும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றியது.

சித்தப்பாவுக்கு 71 வயது. விழுப்புரத்தில் இருக்கிறார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பேருக்குத்தான். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டுமா, பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமா, தெருவே அவரிடம்தான் வந்து நிற்கும். 2020-ல் ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்த அவர் மகன், ஆபீஸ் வேலைக்காக ஆன்லைனில் ஒரு சுழல் நாற்காலி வாங்கினான். ஐந்து கால், ஐந்து சக்கரம், பின்னால் சாய்ந்தால் கூடவே சாயும். ஊரடங்கு முடிந்ததும் அவன் கிளம்பிவிட்டான். நாற்காலி சித்தப்பாவுக்கு வந்து சேர்ந்தது. மூங்கில் நாற்காலியிலும் மர ஸ்டூலிலும் காலம் தள்ளியவருக்கு அதில் உட்கார்ந்து மனு எழுதுவதில் தனிச் சந்தோஷம்.

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை. உட்கார்ந்தபடியே பக்கத்து அலமாரிப் பக்கம் திரும்பி ஒரு ஃபைலை எடுத்திருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு காலின் நுனி பிளந்து, சக்கரம் கழன்று, நாற்காலி அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. விழுந்த வேகத்தில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் வாக்கர். கொல்லைப்புறம் போகக்கூட ஒருவர் துணை வேண்டும் என்றானது.

பார்க்கப் போயிருந்தபோது என்னை அதிகம் உறுத்தியது அவருடைய வலியைவிட வீட்டில் நடந்த பேச்சு. "எத்தனை தடவை சொன்னேன், சின்னப் புள்ள மாதிரி ஆடாதீங்கன்னு" என்றார் சித்தி. "வயசுக்கேத்த மாதிரி உட்கார வேண்டாமா?" என்று ஒரு உறவினர். "மாமா கொஞ்சம் வெயிட்டு வேற" என்று இன்னொருவர். வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சித்தப்பாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார். "என் மேலதான் தப்பு, பாப்பா. அந்த நாற்காலியெல்லாம் நமக்கு ஒத்துவருமா?" என்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக நியாயம் கேட்டு மனு எழுதியவர், தன் விஷயத்தில் விசாரணையே இல்லாமல் தீர்ப்பை ஒப்புக்கொண்டார்.

"அந்த நாற்காலி எங்கே சித்தப்பா?" என்று கேட்டேன். துணி துவைக்கிற கல் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடிப்பகுதியை மட்டும் கழற்றி, ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அந்தச் சாக்கில் இருந்தது என்ன என்று புரிய வேண்டுமானால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இம்மாதிரி நாற்காலிகளின் ஐந்து கால் அடிப்பகுதி பெரும்பாலும் நைலானில் செய்யப்படுகிறது. வெறும் நைலான் போதாது என்பதால் அதில் கண்ணாடி இழை சேர்ப்பார்கள். எடையில் 30 சதவீதம் என்பது வழக்கமான அளவு. ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 10 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். இயந்திரத்தில் அரைபட்டு வெளியே வரும்போது இழையின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால், அது செய்யும் வேலை பெரிது. சாதாரண நைலானை இழுத்து அறுக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 நியூட்டன் விசை வேண்டும் என்றால், 30 சதவீதக் கண்ணாடி சேர்த்ததற்கு 170, 180 நியூட்டன் வரை வேண்டும். இரண்டு மடங்குக்கும் மேல் பலம்.

இந்தக் கண்ணாடி கலந்த தானாவை இயந்திரத்தின் ஹாப்பரில் கொட்டுவோம். சூடான பேரலுக்குள் ஸ்க்ரூ சுற்றச் சுற்ற அது உருகும். 270, 280 டிகிரி சூட்டில் உருகியதை, அதே ஸ்க்ரூ ஊசி மருந்து ஏற்றுவதுபோல இரும்பு அச்சுக்குள் வேகமாகத் தள்ளும். உள்ளே நுழைகிற வாசலுக்கு 'கேட்' என்று பெயர். அச்சின் சூடு 80 டிகிரி அளவில்தான் இருக்கும். அதனால் உள்ளே போகப் போகவே பிளாஸ்டிக் ஓரங்களில் உறைய ஆரம்பித்துவிடும். சில நொடிகளில் அச்சு நிரம்பிவிடும்.

சக்கரம் செருகுவதற்குக் காலின் நுனியில் ஓட்டை வேண்டுமே? அந்த இடத்தில் அச்சுக்குள் ஓர் இரும்புப் பின் நிற்கும். நடுவிலிருந்து ஓடி வரும் பிளாஸ்டிக் அந்தப் பின்னில் மோதி இரண்டாகப் பிரியும். பின்னைச் சுற்றிப் போய் மறுபக்கத்தில் சந்திக்கும். அப்படிச் சந்திக்கும் இடம்தான் வெல்ட் லைன்.

தோசைக்கல்லில் இரண்டு கரண்டி மாவைத் தள்ளித் தள்ளி ஊற்றிப் பாருங்கள். இரண்டும் பரவி வந்து ஓரத்தோடு ஓரம் தொடும். பார்க்க ஒரே தோசை. திருப்பிப் போடும்போது சேர்ந்த இடத்தில்தான் பிரியும். ஓரம் வெந்துவிட்ட பிறகு தொட்டால் மாவும் மாவும் கலப்பதில்லை, ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கும். பிளாஸ்டிக்கிலும் அதே கதைதான். அதோடு, இரண்டு முனைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழியில்லாவிட்டால், அந்த இடத்தில் நகத்தில் தட்டுப்படும் ஒரு சின்னப் பள்ளமும் விழும். பிளவு தொடங்க அது போதும்.

சாதாரண பிளாஸ்டிக்காக இருந்தால் இதற்கு ஓரளவு வைத்தியம் உண்டு. சூட்டைக் கூட்டலாம், அழுத்தத்தைக் கூட்டலாம், காற்று போக வழி வெட்டலாம். நன்றாகச் செய்தால் இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். ஆனால், கண்ணாடி இழை சேர்ந்துவிட்டால் பிரச்சினை வேறு மாதிரி.

மழை பெய்யத் தொடங்கியதும் தெருவில் முதல் தண்ணீர் ஓடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன் விளிம்பில் வேப்பங்குச்சியும் துரும்பும் விளிம்போடு விளிம்பாகப் படுத்தபடி வரும். உருகிய பிளாஸ்டிக்கின் முன்முனையிலும் இழைகள் அப்படித்தான் படுத்திருக்கின்றன. நடுவிலிருந்து வரும் பிளாஸ்டிக் முன்முனைக்கு வந்ததும் ஊற்றுநீர் போல இரு பக்கமும் விரிந்து ஓரங்களுக்குப் போகிறது. அந்த விரிவில் இழைகள் முனைக்கு இணையாகத் திரும்பிவிடுகின்றன. எதிரெதிரே வரும் இரண்டு முனைகள் சந்திக்கும்போது, இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கம் நுழைவதே இல்லை. இரண்டு பக்கத்து இழைகளும் கோட்டின் நெடுகிலும் படுத்துக்கொள்கின்றன. ஓலைப் பாயை முடையும்போது குறுக்கோலையே விடாமல் நெட்டோலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே நடக்கிறது.

சோதனைக் கூடத்தில் இதைக் காட்ட ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு சோதனைப் பட்டையை ஒரு முனையிலிருந்து மட்டும் நிரப்பிச் செய்வோம். அதே பட்டையை இரு முனைகளிலிருந்தும் நிரப்பி இன்னொன்று செய்வோம். இரண்டாவதில் நடுவே கோடு விழும். இரண்டையும் இழுத்துப் பார்த்தால், 30 சதவீதக் கண்ணாடி கலந்த நைலானில் கோடு விழுந்த பட்டை ஏறக்குறைய பாதி பலத்தில் விட்டுவிடும். பாலிபுரொப்பிலீனில் இன்னும் மோசம், மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இறங்கும். கண்ணாடி அதிகமாக அதிகமாக, மற்ற இடத்துக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதிகமாகும். காசு கொடுத்து வாங்கிய பலம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறது, அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் போவதில்லை. உடைந்த பிறகு சூடு காட்டிச் சரிசெய்யவும் முடியாது. உறைந்துபோன பிளாஸ்டிக்குக்குள் இழை திரும்பிப் படுக்காது.

இப்போது சாக்கைப் பிரிப்போம்.

பிளவு காலின் நுனியில், சக்கர ஓட்டையின் வெளிப்பக்கச் சுவரில், மேலிருந்து கீழாக நேராக இருந்தது. நடுவிலிருந்து பிளாஸ்டிக் வந்து பின்னைச் சுற்றிச் சந்திக்கும் அதே இடம். அந்த அடிப்பகுதியிலேயே காலின் வேறொரு பகுதியை அறுத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் மூன்று நாள் மழிக்காத தாடி போலச் சொரசொரத்தது. கண்ணாடி இழைகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சித்தப்பாவைத் தள்ளிவிட்ட பிளவின் முகமோ வழவழவென்றிருந்தது. டூல்ரூம் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இழைகள் எல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. ஒன்றுகூடக் குறுக்கே பாய்ந்திருக்கவில்லை.

மற்ற நான்கு கால்களையும் பார்த்தேன். நான்கிலும் அதே இடத்தில், முடி கிடந்த மாதிரி ஒரு கோடு. அதில் ஒன்று ஏற்கெனவே லேசாக வாய் திறந்திருந்தது. அன்றைக்கு அந்தக் கால் விடாமல் இருந்திருந்தால், இன்னொரு நாள் இந்தக் கால் விட்டிருக்கும்.

சக்கரத்தின் மேலே 11 மில்லிமீட்டர் தண்டு ஒன்று இருக்கிறதே, அதை ஓட்டைக்குள் இறுக்கமாகத்தான் செருகுவார்கள். இறுக்கமாகச் செருகினால் அது சுற்றுச்சுவரை வெளிப்பக்கமாக நெட்டிக்கொண்டே இருக்கும். யாரும் உட்காராத நடுராத்திரியிலும் நெட்டும். உட்கார்ந்து நகரும்போது தண்டு நெம்புகோல் மாதிரி சாய்ந்து இன்னும் கூடுதலாக நெட்டும். சுவர் எந்த இடத்தில் பலவீனமோ அந்த இடம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கடைசியாக ஒருநாள் ஒருவர் ஃபைல் எடுக்கத் திரும்புவார்.

சித்தப்பாவின் எடை 78 கிலோ. அமெரிக்க அலுவலக அறைகலன் உற்பத்தியாளர் சங்கத்தின் பிஃப்மா தரமுறைப்படி, ஐந்து கால் அடிப்பகுதி நடுவில் 11,120 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். கிலோவில் சொன்னால் 1,100-க்கும் மேல். ஒரு நிமிடம் அழுத்தி, எடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு நிமிடம் அழுத்துவார்கள். ஒழுங்காகச் செய்த அடிப்பகுதிக்கு 78 கிலோ மனிதர் ஒரு பொருட்டே கிடையாது.

ஆக, யார் மேல் தப்பு? இந்தக் கேள்வியை நான் தொழிற்சாலையிலும் நிறைய முறை கேட்டிருக்கிறேன். அங்கேயும் முதல் பழி, பேசத் தெரியாதவர்கள் மேல்தான் விழும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வண்டி உதிரிபாகம், கண்ணாடி கலந்த நைலானில் செய்தது, வாடிக்கையாளர் இடத்தில் போல்ட் முடுக்கும்போதே பிளந்தது. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. "நைட் ஷிப்ட் பையன் டெம்பரேச்சரைக் குறைச்சுட்டான்" என்று முடிவுகட்டினார்கள். அந்தப் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். தமிழில் 'இல்லை சார்' என்பதற்கு மேல் சொல்ல அவனுக்குத் தெரியாது. சம்பளத்தில் பிடிப்பது என்பது வரைக்கும் பேச்சுப் போனது.

நான் ஷார்ட் ஷாட் எடுக்கலாம் என்றேன். அதாவது, அச்சை முழுதும் நிரப்பாமல், கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று படிப்படியாக நிரப்பி எடுப்பது. பத்துப் பதினைந்து துண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தால், பிளாஸ்டிக் எந்த வழியாக ஓடி எங்கே சந்திக்கிறது என்று யாருக்கும் தெரியும். பத்து ரூபாய் பொருளும் பத்து நிமிடமும் போதும். பகல் ஷிப்ட் செட்டிங்கிலும் எடுத்தோம், ராத்திரி செட்டிங்கிலும் எடுத்தோம். இரண்டிலும் பிளாஸ்டிக் ஒரே இடத்தில்தான் சந்தித்தது. போல்ட் ஓட்டையில், சுமை முழுவதும் தாங்கும் பக்கத்தில். சூட்டைக் கூட்டினால் கோடு கொஞ்சம் மங்கியதே தவிர, இடம் மாறவில்லை. அது கேட்டை எங்கே வைத்தார்களோ அந்த இடம் எடுத்த முடிவு. அச்சு வெட்டப்பட்ட நாளில், அந்தப் பையன் ஒடிசாவில் இருக்கும்போதே எடுக்கப்பட்ட முடிவு.

பழைய கேட்டை அடைத்து, ஓட்டையின் வேறு பக்கமாகப் புதுக் கேட் வெட்டினோம். நாலு நாள் மெஷின் நின்றது. கோடு மறையவில்லை. சுமை விழாத பக்கமாக நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பாகம் பிளந்து திரும்பி வரவில்லை. சம்பளப் பிடித்தமும் நின்றது.

இதுதான் இந்தக் கோட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது. ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் கோடும் இருக்கும். அதை ஒழித்துக்கட்டுவது கடினம். ஆனால், அது எங்கே விழ வேண்டும் என்பது மனிதர் கையில் இருக்கிறது. கேட்டை நகர்த்தலாம். கோடு விழும் இடத்தில் சுவரைத் தடிமனாக்கலாம். சந்திக்கும் முனைகள் பகுதிக்கு வெளியே வழிந்துபோக ஒரு சின்னக் குழி வைத்து, பிறகு அதை வெட்டி எறியலாம். சக்கர ஓட்டையில் உலோகக் குழல் செருகலாம். நடுவில் ஓட்டை உள்ள வட்டமான பாகமாக இருந்தால், ஓட்டையைச் சுற்றி ஒரே வட்டமாகப் பிளாஸ்டிக் நுழைகிற மாதிரி டயஃப்ரம் கேட் வைக்கலாம், கோடே விழாது. இங்கிலாந்தில் புரூனல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார்கள். உறைந்துகொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இரு பக்கமிருந்தும் மாறி மாறித் தள்ளி, கோட்டைக் கலைத்து, இழைகளைக் குறுக்கே பாய வைக்கும் முறை அது. இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு என்பது உண்மைதான்.

ஆனால், தெரியாது என்று சொல்வதற்கு இப்போது இடமில்லை. 1978-லேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் என்பவர் மோல்ட்ஃப்ளோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அச்சு வெட்டுவதற்கு முன்பே, பிளாஸ்டிக் எப்படி ஓடும், எங்கே சந்திக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டும் வழி அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கு அம்மாதிரி மென்பொருள்கள் பல இருக்கின்றன. அதற்கு வசதியில்லாத சின்னப் பட்டறைக்கு ஷார்ட் ஷாட் இருக்கவே இருக்கிறது.

குறை எங்கே என்றால், இது யாருடைய வேலை என்பதில்தான். வரைபடம் போடுகிறவர் ஓரிடம், அச்சு செய்கிறவர் ஓரிடம், அச்சை வாங்கி ஜாப் வொர்க்காக ஓட்டுகிறவர் இன்னோரிடம். வரைபடத்தில் அளவு இருக்கும், பொருளின் பெயர் இருக்கும், '30 சதவீதக் கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கோடு எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கேட் எந்தப் பக்கம் வைத்தால் அச்சு சுலபமாக முடியுமோ அந்தப் பக்கம் வைப்பார்கள். கோடு தானாக ஓரிடத்தில் விழும். அந்த இடத்தின் மேல் யாரோ ஒருவர் உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். வழவழப்பான முகத்தையும் சொரசொரப்பான முகத்தையும் அவர் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நான்கு கால்களிலும் இருந்த கோட்டைக் காட்டினேன். வாசலில் கிடந்த துரும்புகளைப் பொறுக்கி வந்து, சிமென்ட் தரையில் அடுக்கி விளக்கினேன். சித்தியும் வந்து பார்த்தார். "அப்ப இவர் ஆடினதால இல்லையா?" என்றார். "ஆடுறதுக்குன்னு சொல்லித்தான் சித்தி அதை விக்கிறாங்க" என்றேன்.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. அந்த வழவழப்பான துண்டையே தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், அலுவலகக் குரலில், "இதை எழுதிக் கொடு பாப்பா. வாயால சொன்னா நிக்காது" என்றார். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வந்த பாதிப்புக்குத் தயாரித்தவரின் பொறுப்பு என்று ஒரு பகுதியே இருக்கிறது. தயாரிப்பில் வந்த குறை தனி, வடிவமைப்பில் இருந்த குறை தனி என்று அதில் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். என்னைவிட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். மகனிடம் சொல்லி, பழைய மின்னஞ்சலில் பில் இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருக்கிறார். கிடைக்கிறதோ இல்லையோ, அவர் மறுபடியும் பேனாவைத் தேடியதே எனக்குப் போதுமாக இருந்தது.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் இம்மாதிரிச் சுழல் நாற்காலி இருந்தால், இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு காலின் நுனியையும், சக்கரத் தண்டு நுழையும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய கோடு தெரிவது மட்டுமே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். அதில் நகம் மாட்டினாலோ, வெளுத்திருந்தாலோ, சக்கரம் முன்பைவிடத் தளர்வாக ஆடினாலோ யாரையும் உட்கார விடாதீர்கள். அடிப்பகுதி மட்டும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. முழு நாற்காலியை எறிய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சாமானில் திருகாணியைத் திரும்பப் போடும்போது, முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பழைய மரையில் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் முடுக்குங்கள். உட்கார்ந்த பிறகு 'இன்னும் ஒரு திருகு' வேண்டாம். அந்த ஒரு திருகுதான் குழாயைப் பிளக்கிறது.

சித்தப்பாவுக்காக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டு, சிவப்பு மையால் ஒரு வரியை அடித்தார். 'பொருளின் தரம் சரியில்லை' என்று நான் எழுதியிருந்த வரி. "இப்படிப் பொதுவா எழுதினா எந்த ஆபீஸ்லயும் நிக்காது. எந்த இடம், என்ன குறை, அதை அங்க வெச்சது யாரோட முடிவு, அதை எழுது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இப்போது என் மேஜைக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும், எந்த இடத்தில் கோடு விழக் கூடாது என்பதைச் சிவப்பில் கட்டம் கட்டி, வாடிக்கையாளரின் கையெழுத்தை அதன் கீழேயே வாங்கிக்கொள்கிறேன். சிலர் எதற்கு இது என்று கேட்கிறார்கள். அந்த வழவழப்பான துண்டு என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.